ஓடியவன் சிப்பாய், ஓட வைத்தவன் யார்?

நசரத்பேட்டைத் தோழர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார்: "1914 இல் ஆப்பிரிக்காவிலே, தாங்காத் துறைமுகத்திலே, நம் பாளையங்கோட்டைப் பட்டாளம் முதுகு காட்டி ஓடிற்றாமே! மதராஸ்காரனுக்குச் சண்டை வராது என்று வேலைத்தளத்தில் ஒருவர் கேலி பேசுகிறார். உண்மைதானா?"

ஓடிற்று. மறைப்பானேன்? நவம்பர் 4 ஆம் நாள், 63 ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை தாங்காவில் சிதறி ஓடியது. ஆனால், அதை அங்கே அனுப்பியது யார்? எந்தக் கோலத்தில் அனுப்பினார்கள்? அதையல்லவா கேட்க வேண்டும்!

அந்த ஆகஸ்டில் ஐரோப்பாவிலே போர் மூண்டது. லாகூர், மீரட் டிவிஷன்களைப் பிரான்சுக்குக் கப்பலேற்றியது வெள்ளைத் துரைத்தனம். எகிப்துக்கு ஒரு படை. பாரசீக வளைகுடாவுக்கு ஒரு படை. இத்தனையும் போனபின், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஆள் வேண்டுமென்றது லண்டன். சட்டியின் அடியைச் சுரண்டினார்கள். பாளையங்கோட்டைப் பட்டாளம் கிடைத்தது.

அதுவரை அதை என்ன நிலையில் வைத்திருந்தார்கள்? தென்னாட்டான் போருக்கு லாயக்கற்றவன் என்று முத்திரை குத்தியவர் ராபர்ட்ஸ் பிரபு. 1880களிலிருந்தே சென்னைப் பட்டாளங்களைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். முப்பது ஆண்டு மூலையில் உட்கார வைத்தவனை ஒரே நாளில் ஆப்பிரிக்கக் காட்டில் இறக்கினார்கள்.

அக்டோபர் 16 இல் பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. சில பட்டாளங்களுக்குப் புதுத் துப்பாக்கியே புறப்படுகிற நேரத்தில்தான் கைக்கு வந்தது. புது மெஷினைக் கொடுத்து மறுநாளே உற்பத்தி கேட்டால் தொழிலாளி என்ன செய்வான்? சேர்ந்து பயிற்சி பெறாத படைகள். கடல் மயக்கத்தில் துவண்ட ஆட்கள். தளபதி எய்ட்கனோ எதிரியைத் துரும்பாக நினைத்தார். இறங்குமுன் ஒரு போர்க்கப்பல் துறைமுகத்துக்குப் போய், "சரணடையுங்கள்" என்று எச்சரிக்கை வேறு கொடுத்தது! ஜெர்மன் தளபதி லெட்டோ-போர்பெக் ரயிலேற்றி ஆள் சேர்த்துக்கொண்டார். ஏறத்தாழ 8,000 பேரை ஆயிரம் பேர் விரட்டினார்கள். எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். மறுநாள் எஞ்சியோர் கப்பலேறியபோது, மெஷின் துப்பாக்கிகளும் பல இலட்சம் தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன.

இன்னொன்று கேளுங்கள். 'வீர வமிசம்' என்று வெள்ளையன் பட்டம் சூட்டிய 13 ஆவது ராஜபுத்திரப் படையும் முதல் நாளே சிதறியது. காஷ்மீர் ரைபிள்ஸ் நன்றாகப் போரிட்டு ஊருக்குள்ளேயே நுழைந்தது; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழி மட்டும் பாளையங்கோட்டையின் தலையில் ஏறியது. தோல்விச் செய்தியையே பல மாதம் மூடி வைத்தார்கள். போர் முடிந்தபின் பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள்.

நசரத்பேட்டையிலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம். அந்தப் பக்கத்துக்காரர் சென்னை சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 இல், இத்தாலியில் கண்ணிவெடி வெடிக்கும் நொடியில் அதன்மேலே பாய்ந்து விழுந்து, உடனிருந்தோரைக் காத்து மாண்டார். ஜார்ஜ் சிலுவை கொடுத்தார்கள். அவரும் மதராஸ்காரர்தான், அவருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வேலைத்தள நண்பரிடம் இதையும் சொல்லிவிட்டு, பிறகு கேலியைத் தொடரச் சொல்லட்டும் தோழர்.