மரபணுவின் ஏடும் பதிப்பாசிரியரின் சொல்லும்

மூலக்கூற்று உயிரியலின் ஆங்கிலக் கலைச்சொற்களைத் தமிழாக்குதல் அறிவியலாருக்கு மட்டுமே உரிய பணி என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளில் நிலைபெற்றுள்ளது. உயிரணுவின் உறுப்புகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தலாம். மரபுப்பொருளின் செயல்களைச் சுட்டும் சொற்களுக்கு அது பொருந்தாது. டிரான்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்லேஷன், புரூஃப்ரீடிங், எடிட்டிங், லைப்ரரி, ரீடிங் ஃபிரேம், மிஸ்ஸென்ஸ், நான்சென்ஸ் என அவற்றை அடுக்கிப் பார்க்கும் எவர்க்கும், அவை ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல, எழுத்தரிடமிருந்தும் அச்சகத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் கடன்பெற்றவை என்பது விளங்கும்.

இக்கடன் தற்செயலானதன்று. 1944இல் இயற்பியலறிஞர் எர்வின் சுரோடிங்கர், உயிர் என்பது யாது என வினவிய தம் சிறுநூலில், மரபுப்பொருளைக் குறிமொழியில் அமைந்த ஓர் எழுத்தாவணமாகக் கருதினார். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்டபின் அவ்வுருவகம் ஆய்வையே வழிநடத்தலாயிற்று. நான்கு காரங்கள் நான்கு எழுத்துகளாயின. மூன்றெழுத்துத் தொடர் ஒரு சொல்லாயிற்று. இருபது அமினோ அமிலங்கள் அச்சொற்களின் பொருள்களாயின. 1961இல் நிரென்பர்க்கும் மத்தேயும் முதற்சொல்லைப் படித்தனர். 1966 அளவில் 64 சொற்களும் படிக்கப்பட்டன.

இத்தகைய சொற்கூட்டத்தை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தெடுத்துத் தமிழாக்கும்போது கூட்டத்தின் உறவு அறுந்துவிடுகிறது. டிரான்ஸ்கிரிப்ஷனுக்குப் ‘படியெடுத்தல்’ என்பதும் ரெப்ளிகேஷனுக்கு ‘இரட்டிப்பாதல்’ என்பதும் தமிழ்நாட்டில் வழங்குகின்றன. சுவடியியல் அறிந்தவர்க்கு இவற்றுள் ஓர் இடர்ப்பாடு தோன்றும். ஓர் ஏட்டைப் பார்த்து அதே எழுத்தில் மற்றோர் ஏடு எழுதுவதே படியெடுத்தல். மூல ஏடு சிதையுமுன் புதிய ஏடு தோன்றிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ. தன்னை ஒத்த டி.என்.ஏ.வை ஆக்கிக்கொள்ளும் செயலோடு இது முற்றும் ஒக்கும். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாகும் செயலோ வேறு. மொழி மாறுவதில்லை, தைமின் நிற்கும் இடத்தில் யுராசில் நிற்பதால் நெடுங்கணக்கில் ஓரெழுத்து மட்டும் மாறுகிறது. கிரந்தத்தில் உள்ளதைத் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வதற்கு இது நெருங்கியது. ஆகவே இதனை ‘எழுத்துப்பெயர்ப்பு’ எனலாம். அதற்கடுத்த படியில், காரங்களின் மொழி அமினோ அமிலங்களின் மொழியாவது ‘மொழிபெயர்ப்பு’. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் ஒரே முன்னொட்டால் உடன்பிறப்புகளாக நிற்பதுபோலத் தமிழில் ‘பெயர்ப்பு’ என்னும் ஈற்றால் நிற்கும். எழுத்து முதலில் பெயர்கிறது, மொழி பின்னர்ப் பெயர்கிறது என்னும் வரிசையும் சொல்லிலேயே கிடைத்துவிடும். புரூஃப்ரீடிங்குக்குத் தனி முயற்சியே வேண்டா. டி.என்.ஏ.வை ஆக்கும் நொதி, பிழையாகச் சேர்த்த எழுத்தை உணர்ந்து, ஓரடி பின்சென்று, அதனை நீக்கிவிட்டு மேற்செல்கிறது. ‘மெய்ப்புத் திருத்தம்’ என்பதனினும் பொருத்தமான சொல் இதற்கு இல்லை.

ரீடிங் ஃபிரேம் என்பதைப் ‘படிப்புச் சட்டகம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மாணவர் மனத்தில் மரச்சட்டமே எழும். மரபுக்குறியீட்டில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை; நிறுத்தற்குறி இல்லை. தொடக்கத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தே படிக்க வேண்டும். ஓரெழுத்து விடுபட்டால் அதன்பின் வரும் பிரிப்பு முழுவதும் நிலைகுலையும் என்பதைக் கிரிக், பிரென்னர் முதலியோர் 1961இல் நிறுவினர். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஏட்டை முன்வைத்துக்கொண்டு, ‘பலகை’ என்பது ஒரு சொல்லா, ‘பல கை’ என்னும் இரு சொல்லா எனத் திகைத்த பதிப்பாசிரியருக்கு இச்சிக்கல் புதியதன்று. எழுத்து மாறாமல் பிரிப்பால் பொருள் மாறும் புணர்ச்சியைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே பேசியுள்ளார். ‘பிரிப்புமுறை’, ‘பிரிப்புப் பிறழ்வு’ என்பன இங்கு இயல்பாக அமையும்.

இலக்கணம் மேலும் நுட்பமாக உதவும் இடமும் உண்டு. லியூசினை ஆறு மூன்றெழுத்துச் சொற்கள் குறிக்கின்றன; டிரிப்டோபனை ஒன்றே குறிக்கிறது. இப்பண்பை ஆங்கிலம் டிஜெனரசி என்கிறது. இது கணிதத்திலும் இயற்பியலிலும் வழங்கிய சொல். அதனைச் ‘சிதைவு’ என்றோ ‘சீரழிவு’ என்றோ பெயர்த்தால் மரபுக்குறியீடு பழுதுற்றது என்னும் தவறான கருத்தே விளையும். ஒரு பொருளைப் பல சொற்கள் குறித்தல், ஒரு சொல் பல பொருளைக் குறித்தல் எனத் திரிசொல்லை இலக்கணிகள் இருவகையாக்கினர். மரபுக்குறியீட்டில் முதல்வகை நிரம்ப உண்டு. இரண்டாம்வகை, மிக அரிய விலக்குகள் நீங்கலாக, இல்லை. இவ்வேறுபாட்டை உணர்த்த உயிரியல் நூல்கள் ஒரு பத்தி செலவிடுகின்றன. இலக்கணம் பயின்ற மாணவர்க்கு ஒரு தொடர் போதும்.

பள்ளி நூல்களில் ஏறிவிட்ட சொல்லை மாற்றினால் குழப்பம் மிகும் என்னும் மறுப்பு வலுவானது. ஆயினும் இன்றைய நிலை குழப்பமற்றது எனக் கூறவியலாது. தமிழக மாணவரின் குரோமோசோம் ஈழத்து மாணவருக்கு நிறமூர்த்தம். இவரது மரபணு அவருக்குப் பரம்பரையலகு. இவரது திடீர்மாற்றம் அவருக்கு விகாரம். 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை உண்டெனத் தொடுக்கப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. இடையில் அலைக்கழிந்தோர் தமிழ்வழியில் பயின்றோரே. ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து வைப்பது எளிது என்பாரும் உளர். ஆங்கிலச் சொற்பிறப்பு அறியாத மாணவர்க்கு டிரான்ஸ்கிரிப்ஷனும் டிரான்ஸ்லேஷனும் ஏறக்குறைய ஒரே ஓசை. அவற்றை வேறுபடுத்த மனப்பாடம் அன்றி வழியில்லை.

ஒலிபெயர்ப்புக்கும் உரிய இடம் உண்டு. ரைபோசோம், லியூசின் போன்ற பெயர்களை வலிந்து தமிழாக்குவதால் பயனில்லை. ‘செல்’ என்பதும் நிலைத்துவிட்டது. ஏட்டை அரிக்கும் கறையானுக்கும் தமிழில் அதுவே பெயர் என்பது சுவடியியலாருக்கு மட்டும் சிறு நகை தரும். உருவகம் எங்கே ஓய்கிறது என்பதையும் கலைச்சொல்லாளர் அறிந்திருத்தல் வேண்டும். மூன்று நிறுத்தச் சொற்களுக்கு அம்பர், ஓக்கர், ஓப்பல் என்னும் பெயர்கள் உண்டு. முதலாவது பெர்ன்ஸ்டைன் என்னும் மாணவரின் குடும்பப்பெயருக்கு ஜெர்மன் மொழியில் உள்ள பொருள். மற்ற இரண்டும் அதனை ஒட்டி விளையாட்டாக இடப்பட்டவை. அவற்றை மணிகளின் பெயராகவும் காவியாகவும் தமிழாக்க முனைவோர், குறியீட்டில் எங்கும் இல்லாத ஒரு பொருளைத் தேடவேண்டியிருக்கும்.