ஒருவர் குரல் ஊர்க்குரல் ஆகுமா?

தேர்தல் நெருங்குந்தோறும் கருத்துக்கணிப்புகள் ஏடுகளில் அணிவகுக்கின்றன. வெல்பவர் யார் என்பதோடு அவை நிற்பதில்லை. இளைஞர் இத்தனை விழுக்காடு, மகளிர் இத்தனை விழுக்காடு, சிறுபான்மையினர் இத்தனை விழுக்காடு எனப் பிரித்தும் காட்டுகின்றன. அவ்வெண்களை நாம் எவ்வளவு நம்பலாம்?

முறையாகத் தெரிவு செய்த 1000 பேரை வினவினால், விடையில் ஏறத்தாழ 3 புள்ளிகள் கூடலாம், குறையலாம் என்பது புள்ளியியல் கணக்கு. தமிழக மக்களுள் முஸ்லிம்கள், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 6 விழுக்காட்டிற்குச் சற்றே குறைவு. எனவே அவ்வாயிரவருள் அவர்கள் 60 பேர் அளவே இருப்பர். அறுபதின்மர் விடையிலோ பிழை 13 புள்ளிகளை எட்டக்கூடும்.

இதற்கு அமெரிக்கா தரும் பாடம் ஒன்றுண்டு. 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளேடும் ஏறத்தாழ 3000 பேரைத் தொடர்ந்து வினவிவந்தன. அவர்களுள் கறுப்பின இளைஞர் மிகச் சிலரே. அக்குறையை ஈடுசெய்ய, ஓர் இளைஞரின் விடை சராசரியைப்போல் 30 மடங்காகக் கணக்கிடப்பட்டது. அவரோ டிரம்பை ஆதரித்தவர். அவர் விடையளித்தபோது, கறுப்பின மக்களிடையே டிரம்பின் செல்வாக்கு உயர்ந்ததாகத் தோன்றியது. ஒருவர் மனம் ஓரினத்தின் மனமாயிற்று!

கணிப்பே வேண்டா என்பது நம் கருத்தன்று. பல கணிப்புகள் ஒன்றையே உரைக்குமாயின் செவிசாய்ப்போம். ஆனால் ஒரு சமுதாயம் முழுவதும் இன்னார் பக்கமே என முத்திரை குத்துவோரிடம், "எத்தனை பேரைக் கேட்டீர்கள்?" என மாணவச் செல்வங்கள் துணிந்து வினவுதல் வேண்டும்.