ஏக்கரில் அடங்காதவர்கள்

2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் கிழக்கு சேத்தியாத்தோப்பின் பெயரும் இருந்தது. வடசேரி, மைக்கேல்பட்டியோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள். ஏப்ரல் 4ஆம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கே நாளில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். கடிதத்துக்குப் பலமாக நின்றது 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். கடலூர் மாவட்டத்தில் மேல்புவனகிரி, கீரப்பாளையம், காட்டுமன்னார்கோயில், குமராட்சி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அந்த மண்டலத்தில் வருகின்றன.

சேத்தியாத்தோப்புப் பகுதியைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அன்று மகிழ்ந்தோம். அதில் தவறில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்து மேல்வளையமாதேவியில், பரவனாற்றின் மாற்றுப் பாதைக்காக என்.எல்.சி. நிறுவனம் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்களை இறக்கியது. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

புவியியலில் வட்டாரத் திட்டமிடல் குறித்து ஆய்வு செய்யும் எனக்கு, அந்த 'ஏக்கருக்கு' என்ற சொல்தான் உறுத்துகிறது.

ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பின்னால் நாற்றுப் பறிப்பவர்கள், நடவு நடுபவர்கள், களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பயிர் அழிந்த அன்றே அவர்களுடைய அடுத்த சில மாதக் கூலி நாட்களும் அழிந்தன. அந்த நாட்களுக்கு ஏக்கர் கணக்கில் இடமில்லை. என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் நடவுக்குப் போனவர். சிட்டாவிலும் அடங்கலிலும் அவர் பெயர் இருக்க வழியில்லை. பயிர் வைத்தவர் பெயர் இருக்கும், பயிரின் பெயரும் இருக்கும்.

நம் வட்டாரத்தின் திட்டங்கள் எல்லாமே இப்படித்தான் எண்ணுகின்றன. வீராணம் ஏரி என்றால் 44,856 ஏக்கர் பாசனம். 2004 முதல் அதே ஏரியின் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாகச் சுமார் 230 கி.மீ. குழாயில் சென்னைக்குப் போகிறது. அதற்குக் கணக்கு, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை கரும்பை டன்னில் கணக்கிடுகிறது. கூட்டுறவின் உறுப்பினர் கரும்பு பயிரிடுபவர், வெட்டுபவர் அல்ல. நிலம், நீர், டன் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. உழைப்பவரைக் குடும்பம் குடும்பமாகக் காட்டும் பதிவேடு எது?

இதைத் தற்செயலான விடுபடல் என்று கடந்துபோக முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கும் மேல். மாநில அளவில் 20 சதவீதம். இந்த மக்களின் கையில் நிலம் இல்லாதது ஏன் என்பதை வெள்ளை அரசே 1890களில் கேட்டது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தார், அதைத் தொடர்ந்து பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை மீட்கும் போராட்டம் இன்றும் முடியவில்லை. நில உடைமை சாதிப்படி அமைந்திருக்கும் ஊரில், நிலத்தை அலகாகக் கொள்ளும் திட்டம் சாதியை அலகாகக் கொள்ளும் திட்டம்தான்.

"சுரங்கம் வாசலுக்கு வந்து நிற்கிறது, இப்போது போய் சாதியைப் பேசி ஒற்றுமையைக் கெடுக்கலாமா?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சுரங்கம் வந்தால் முதலில் வேலையிழப்பது கூலிக்குப் போகும் குடும்பம். இழப்பீடு வந்தால் கடைசியில் நிற்பதும் அதே குடும்பம். போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது தேவைப்படுபவர்கள் கோரிக்கைப் பட்டியலில் இல்லை என்றால், ஒற்றுமையைக் கெடுத்தது யார்?

விவசாயத்தைப் புனிதமாக்கும் பேச்சும் நமக்கு உதவாது. நிலத்தின் மேல் அளவுக்கு மீறிய மக்கள் தங்கியிருப்பதே சிக்கல், தொழில்மயமே தீர்வு என்று அம்பேத்கர் 1918இலேயே எழுதினார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை வகுப்பதில் முக்கியப் பங்காற்றினார். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் ஓர் ஆற்றுப் படுகைக்குச் சேர்த்துத் திட்டமிட்ட முயற்சி அது. வட்டாரத் திட்டமிடல் நமக்கு அந்நியமான துறை இல்லை. ஆலையோ வயலோ, அதில் கிடைக்கும் பங்கு யாருக்கு என்பதே நம் கேள்வி. நிலம் கொடுத்தவருக்கு நிரந்தர வேலை என்ற நியாயமான கோரிக்கையிலும் நிலம்தான் நுழைவுச் சீட்டு.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2013 நில எடுப்புச் சட்டம், நிலமில்லாவிட்டாலும் மூன்றாண்டுகளாக அங்கே வேலை செய்து பிழைக்கும் விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர் குடும்பங்களைப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. அவர்களைக் கண்டறிய வேண்டிய இடம் சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால் தமிழ்நாடு 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தொழில் தேவைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கும் மாநிலச் சட்டங்களுக்கு விலக்களித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டப்பேரவை புதுச் சட்டம் போட்டு மீட்டது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதாவது, அம்மாவைப் போன்றவர்களின் பெயர் ஏறக்கூடிய ஒரே ஏடும் மூடப்பட்டுவிட்டது.

எனவே கேட்க வேண்டியவை மூன்று. எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாக வேண்டும். பயிர் இழப்பீட்டோடு கூலி நாள் இழப்பீடும் கணக்கிடப்பட்டு, வேலை செய்தவரின் கையில் நேரடியாகச் சேர வேண்டும். வேளாண் மண்டலம் குறித்து முடிவெடுக்கும் அமைப்புகளில் நிலமற்ற தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு இடம் உறுதியாக வேண்டும்.

உங்கள் ஊருக்கும் ஒரு திட்டம் வரலாம்: புறவழிச்சாலை, சிப்காட், விமான நிலையம். அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் தேடுங்கள். நிலமில்லாத குடும்பங்கள் எத்தனை, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எதை இழக்கிறார்கள் என்று சொல்லும் பக்கம். அது இல்லையென்றால் உங்கள் ஆட்சேபனை மனுவின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.