நிறம் கோடாகும்போது

பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் 'திருத்திய பெருந்திட்டம் 2015' அரசின் ஒப்புதலைப் பெற்றது 2007இல். அது நகரத்தை 47 திட்டமிடல் மாவட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் ஒன்றை வழங்கியது. குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு வேறொன்று, பூங்காவுக்கு இன்னொன்று. ஈஜிபுராவின் எந்தத் தெருவில் வீடு மட்டும் எழலாம், எதில் கீழ்த்தளத்தில் கடை வைக்கலாம் என்பதற்கு அந்த நிறமே சட்டத்தின் மொழி. எனினும் பொதுமக்களின் கைக்கு வந்தவை பி.டி.எஃப். படங்கள்தாம். அவற்றைப் பார்க்கலாம், பரப்பளவைக் கணக்கிட இயலாது.

இதில் ஒரு விந்தை உண்டு. பிரெஞ்சு ஆலோசனை நிறுவனமொன்றின் துணையுடன், புவியியல் தகவல் முறைமையைக் கொண்டே அப்பெருந்திட்டம் உருவாக்கப்பட்டது. அதாவது கோடுகளும் பலகோணங்களுமே முதலில் பிறந்தன. வண்ணப்படம் அவற்றின் அச்சு மட்டுமே. இன்று மாணவர்கள் அப்படத்திலிருந்து மீண்டும் பலகோணங்களை உருவாக்கப் பல வாரங்களைச் செலவிடுகின்றனர். வடித்த சோற்றிலிருந்து நெல்லை மீட்கும் வேலை இது. இவ்வேலைக்கான மென்பொருள்கள் வளர்ந்துவிட்டன என்பது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அம்மகிழ்ச்சி ஒரு கேள்வியை மறைக்கிறது.

தானியங்கி மாற்றத்தின் வழி எளியது. படத்தை நிலக்கூறுகளோடு பொருத்துவது முதற்படி. பின்னர் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் நிறவிளக்கப் பட்டியிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய வகையில் சேர்க்கவேண்டும். ஒரே வகையைச் சேர்ந்த அண்டைப் பிக்சல்களை ஜிடால் போன்ற கருவி பலகோணமாக்கிவிடும். படிக்கட்டுப் போலத் தோன்றும் விளிம்புகளை மழுங்கச் செய்ய டக்ளஸ்–பியூக்கர் முறை உண்டு; 1973 முதல் புழக்கத்தில் இருப்பது. ஒரு மடிக்கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இடர் நிறங்களின் எல்லையில் தொடங்குகிறது. மஞ்சளும் வெளிர்நீலமும் சந்திக்குமிடத்தில், படச்சுருக்கம் இரண்டையும் கலந்து ஓர் இளம்பச்சைப் பிக்சலை உண்டாக்கும். மென்பொருள் அதைப் பூங்கா எனப் படிக்கும். வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே ஒரு பிக்சல் அகலத்தில் யாரும் காணாத பூங்கா ஒன்று நீண்டு கிடக்கும்! இத்தகைய பிழை நகைப்புக்குரியது. எளிதில் வடிகட்டவும் கூடியது. கடினமானது வேறு. பெருந்திட்டம் குடியிருப்பையே 'முதன்மை' என்றும் 'கலப்பு' என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. அண்டை வகைகளுக்கு அண்டைச் சாயல்களைத் தருவது வரைபட மரபு. அச்சிலும் வருடலிலும் சுருக்கத்திலும் அச்சாயல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. தெருப்பெயரின் கறுப்பு எழுத்து மேலே விழுந்தால் கீழிருக்கும் நிறம் எது என்பது ஊகமாகிவிடுகிறது. அவ்வூகமும் மற்றவை போலவே ஒரு கூர்மையான கோடாகத்தான் வெளிவருகிறது.

அக்கோடு எங்கே உயிரைத் தொடுகிறது என்பதை ஈஜிபுராவை ஒட்டிய இராஜகால்வாய் காட்டும். கோரமங்கலப் பள்ளத்தாக்கின் நீரைப் பெள்ளந்தூர் ஏரிக்குக் கொண்டுசெல்லும் வடிகால் அது. பெருந்திட்டத்தின்படி, முதல்நிலைக் கால்வாயின் நடுக்கோட்டிலிருந்து 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 மீட்டர் வரை கட்டடம் கூடாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் இந்த அளவுகளை மாற்றியது. உச்ச நீதிமன்றம் 2019இல் அம்மாற்றத்தை நீக்கிப் பெருந்திட்ட அளவுகளையே நிலைநிறுத்தியது. ஆகவே இந்த மீட்டர்கள் வழக்காடி உறுதிசெய்யப்பட்டவை.

இனி ஒரு கணக்கு. 1:10,000 அளவையிலான வரைபடத்தை அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என வருடினால், ஒரு பிக்சல் நிலத்தில் ஏறத்தாழ 1.7 மீட்டர். கால்வாய்க் கோடு மூன்று பிக்சல் நகர்ந்தால் 5 மீட்டர் பிழை. பெங்களூரின் 20 அடிக்கு 30 அடி மனையின் அகலமே 6 மீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு குடும்பத்தின் வீடு முழுவதும் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. மங்கிய படத்தைப் பார்ப்பவர் "ஐயத்துக்குரியது" என்று சொல்லியிருப்பார். வெக்டர் கோப்பைத் திறப்பவருக்கு அந்த ஐயம் தோன்றவே வழியில்லை. ஆயத்தொலைகள் ஆறு தசம இடங்களோடு அமர்ந்திருக்கும்.

மொழியியலாளர்களுக்கு இது பழகிய கதை. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வு வரைபடங்களிலிருந்து இன்றுவரை, மொழிப்பரப்புகள் நிறத்திட்டுகளாகவே தீட்டப்படுகின்றன. கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஈஜிபுரா அத்தகைய வரைபடத்தில் ஒற்றை நிறம் பெறும். அங்கே எல்லைக்கோடு ஒரு வசதிக்கான புனைவு என்பதைத் துறை ஒப்புக்கொண்டுவிட்டது. பெருந்திட்டத்தின் கோடு அப்படிப்பட்டதன்று. அது உண்மையான ஓரிடத்தில் இருக்கிறது. மீட்டெடுத்தவர்தாம் அதைத் தவறவிடுகிறார். இரண்டையும் ஒரே மென்பொருள் ஒரே உறுதியோடு வரைகிறது என்பதே கவலைக்குரியது.

நியூயார்க் பொது நூலகம் 2013 வாக்கில், பழைய காப்பீட்டு வரைபடங்களிலிருந்து கட்டட வடிவங்களைப் பிரித்தெடுக்க ஒரு நிரலை எழுதியது. அதன் விளைவை அப்படியே வெளியிடாமல், ஒவ்வொரு வடிவத்தையும் பொதுமக்களிடம் காட்டி, "சரியா, திருத்தவேண்டுமா, நீக்கவேண்டுமா" என்று கேட்டது. இந்தப் பணிவு இங்கே இல்லை. ஆய்வேடுகளில் "படத்திலிருந்து எண்மமாக்கப்பட்டது" என்ற ஒரு வரியோடு முறையியல் பகுதி முடிந்துவிடுகிறது. எந்தத் தெளிவுத்திறனில், எத்தனை மீட்டர் பொருத்தப்பிழையோடு, எவ்வளவு நிறத் தொலைவுக்குள் என்பவை ஒவ்வொரு பலகோணத்தின் பண்புப் பட்டியலிலும் தனி நிரல்களாக இடம்பெறவேண்டும். அவற்றைச் சேர்ப்பதற்கு நான்கு வரி நிரல் போதும். மேற்பார்வையாளர்கள் கேட்பதில்லை என்பதால் மாணவர்கள் சேர்ப்பதில்லை.

ஆணையம் மூலக் கோப்பை வெளியிட்டால் இவ்வளவு உழைப்பும் தேவையற்றதாகும். 2031க்கான பெருந்திட்டத்தின் வரைவு 2017இல் வெளியாகிப் பின்னர் கைவிடப்பட்டது. அடுத்த திட்டத்தையேனும் படமாக மட்டுமன்றித் தரவாகவும் கேட்பது பல்கலைக்கழகத் துறைகளால் இயலாத செயலன்று. ஒரு கடிதம், பல கையொப்பங்கள். அதுவரை, கால்வாய்க் கரையோரம் ஐயத்துக்குரிய பலகோணங்களை மட்டும் தனியே பிரித்து, அளவை நாடாவோடு ஈஜிபுராவுக்குச் சென்று நடுக்கோட்டிலிருந்து அளந்துவர ஒரு பிற்பகல் ஆகும்.