ராத்திரி விளக்கும் ஈறு ரத்தமும்

எதிர்வீட்டுப் பெண் மூன்று மாதக் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, மெலடோனின்னு ஒரு மாத்திரை இருக்காமே! தூக்கமும் வருமாம், ஈறுல ரத்தம் வர்றதும் நிக்குமாம். வாங்கிப் போட்டுக்கட்டுமா?"

எனக்குப் பகீரென்றது. பாலூட்டுகிறவள் ஆயிற்றே!

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. இரண்டு வருஷம் முன்பு எனக்கும் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று நானே முடிவுகட்டி, வெந்தயமும் மோருமாகக் குடித்தேன். பிரஷ் பட்டால்தானே ரத்தம் என்று துலக்குவதையும் குறைத்தேன். அசட்டுத்தனம்! ஒரு கடைவாய்ப் பல் ஆடிப்போய், பிடுங்க வேண்டியதாயிற்று.

பல் டாக்டரம்மா காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்றார். பல்லுக்கும் படுக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அவர்தான் விளக்கினார். மூளைக்குள் அரிசிமணி போல் பினியல் என்றொரு சுரப்பி. இருட்டினால் மெலடோனினைச் சுரக்கும். கண்ணில் வெளிச்சம் பட்டால் குறைத்துக்கொள்ளும். 1958-ல் அமெரிக்காவில் ஆரன் லெர்னர் என்ற டாக்டர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தாராம். தேடியது என்னவோ தோல் நிறத்துக்கான காரணத்தை!

ஈறில் கிருமியோடு உடம்பு போராடும்போது கிளம்பும் 'ஃப்ரீ ராடிக்கல்' நல்ல சதையையும் எலும்பையும் அரிக்கும். அதை அடக்குகிற குணம் மெலடோனினுக்கு உண்டு. எச்சிலிலும் அது கலந்திருக்கிறது. ஈறு நோய் முற்றியவர்களின் எச்சிலில் அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது குறைந்ததால் நோயா, நோயால் அது குறைந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "மாத்திரை காரையைக் கரைக்காதுடி. மாசமா இருக்கும்போதே உனக்கு ஈறு வீங்கிச்சே, அப்பவே காட்டியிருக்கணும். முதல்ல பல் டாக்டர்கிட்ட போ. டாக்டரைக் கேக்காம எந்த மாத்திரையும் வேண்டாம்."

"சுரண்டினா பல் ஆடும்னு அத்தை சொல்றாங்களே?"

"காரை சேர்ந்துதான் என் பல் ஆடிச்சு!" என்று பொக்கை இடத்தைக் காட்டினேன்.

இன்னொன்றும் சொன்னேன். ராத்திரி பால் கொடுக்கையில் ட்யூப்லைட்டைப் போடாதே, சின்ன பல்பு போதும். கையில் போனும் வேண்டாம். ராத்திரித் தாய்ப்பாலில் மெலடோனின் கலந்துதான் வருகிறது, பகல் பாலில் அவ்வளவு இருக்காது. குழந்தைக்கு இரவு எது, பகல் எது என்று பழக அதுவும் ஒத்தாசை. படுக்குமுன் பல் துலக்குவதை மட்டும் விடாதே. தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

போன வாரம் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். ரத்தம் குறைந்திருக்கிறதாம். தூக்கம்? பிள்ளை விட்டால்தானே!