மூணு வாரம் பொறுத்திருந்தா 60 கோடி மிச்சம்: ஒரு காலேஜ் டீம் கோச்சை மாத்தின கதை

போன வீடியோவுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "என் ஃபண்ட் ரெண்டு வருஷமா நகரவே மாட்டேங்குது, வெளிய வந்துடலாமா?" இதுக்கு வழக்கமா நான் சொல்ற பதிலை இன்னிக்கு சொல்லப் போறதில்ல. அமெரிக்காவுல நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் டீம் ஹெட் கோச் தேடி இருபது வருஷம் அலைஞ்ச கதையை சொல்றேன். படிச்சுட்டு உங்க ஃபண்டைப் பத்தி நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல்ல ஒரு விஷயம். இது நம்ம கால்பந்து இல்ல. ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டி மோதுற அமெரிக்கன் ஃபுட்பால். காலேஜ் டீம்னதும் நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் டே ஞாபகம் வந்தா அதையும் அழிச்சுடுங்க. நெப்ராஸ்காவுல என்எஃப்எல் டீம் கிடையாது. லிங்கன் நகரத்துல இருக்கிற இந்த காலேஜ் டீம்தான் மொத்த மாநிலத்துக்கும் எல்லாமே. 1962-லேர்ந்து அந்த ஸ்டேடியத்துல எல்லா மேட்ச்சுக்கும் டிக்கெட் வித்துத் தீர்ந்துடும். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல அரசு சம்பளப் பட்டியல்ல முதல் இடத்துல இருக்கிறது கவர்னர் இல்ல, காலேஜ் டீம் கோச்.

இந்த டீமுக்கு ஒரு பொற்காலம் இருந்துச்சு. டாம் ஆஸ்பர்ன்னு ஒரு கோச், 1973-லேர்ந்து 1997 வரைக்கும். கடைசி அஞ்சு வருஷத்துல மட்டும் 60 வெற்றி, 3 தோல்வி. 1994, 1995, 1997-னு மூணு தேசிய பட்டம். அதுக்கப்புறம் அந்த ஊர்க்காரங்க எதைப் பார்த்தாலும் அந்த 60-3 கூடத்தான் ஒப்பிட்டாங்க. பிரச்சனை அங்கதான் ஆரம்பிச்சது.

அடுத்து வந்த ஃபிராங்க் சோலிச், 2003-ல 9 வெற்றி 3 தோல்வி. வேலை போச்சு. அடுத்து வந்தவரோட முதல் வருஷமே 5-6. 1961-க்கு அப்புறம் அந்த டீம் ஜெயிச்சதை விட அதிகமா தோத்த முதல் வருஷம் அதுதான். அப்புறம் போ பெலினி வந்தார், 2008-லேர்ந்து 2014 வரைக்கும். ஒவ்வொரு வருஷமும் 9 இல்லன்னா 10 வெற்றி, ஒரு வருஷம்கூட அதுக்குக் கீழ போகல. அவர் பட்டம் ஜெயிக்கல, பெரிய மேட்ச்ல மோசமா தோத்தார், வாயும் கொஞ்சம் அதிகம். 2014-ல 9-3-ல இருக்கும்போது அவரையும் அனுப்பிட்டாங்க. அவருக்கு பதிலா வந்த மைக் ரைலி மூணு வருஷத்துல 19 வெற்றி, 19 தோல்வி.

இதை ஒரு ஃபண்டா யோசிச்சுப் பாருங்க. வருஷா வருஷம் ஒழுங்கா 12 சதவீதம் கொடுக்கிற ஃபண்ட். ஆனா உங்க மனசுல 2021-ல ஏதோ ஒரு ஸ்மால் கேப் கொடுத்த நம்பர் உக்காந்திருக்கு. "இது போதாது"ன்னு மாத்துறீங்க. எதோட ஒப்பிட்டு போதாது? கோச்சை மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லல. அளவுகோல் தப்பா இருந்தா எந்த கோச் வந்தாலும் ஃபெயில்தான். 60-3-ங்கிறது ஒரு மனுஷன் இருபது வருஷம் பொறுமையா கட்டி, கடைசியில அறுவடை பண்ணின நம்பர்.

இப்ப கதையோட முக்கியமான இடத்துக்கு வருவோம். 2017 டிசம்பர். ஸ்காட் ஃப்ராஸ்ட். மண்ணின் மைந்தன்னா இவர்தான். நெப்ராஸ்காவுல வளர்ந்தவர், 1997-ல பட்டம் ஜெயிச்ச டீமோட குவார்ட்டர்பேக். யுசிஎஃப்னு ஒரு டீமுக்கு ரெண்டே வருஷம் கோச்சா இருந்து, ரெண்டாவது வருஷம் 13-0. ஊரே திருவிழா மாதிரி வரவேத்துச்சு. ஏழு வருஷ கான்ட்ராக்ட், மொத்தம் 3.5 கோடி டாலர்.

ரெண்டு வருஷ ரெக்கார்டு. அதுல முதல் வருஷம் 6-7. அப்ப கையில இருந்த ஆதாரம் ஒரே ஒரு நல்ல வருஷம்தான். ஆனா "நம்ம பையன்"ங்கிற பாசம் மீதி இடத்தை நிரப்பிடுச்சு. இதைப் பார்த்து நீங்க சிரிக்கலாம், நான் சிரிக்க மாட்டேன். எனக்கு முதல் சம்பளம் வந்த மாசமே சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட காபியைக் குடிச்சுட்டு, வருஷம் 40,000 ரூபாய், இருபது வருஷம் கட்டுற எண்டோமென்ட் பாலிசில கையெழுத்து வாங்கிட்டுப் போனார். நானும் ஒரு வரி படிக்கல. அண்ணன் சொன்னா சரியாத்தானே இருக்கும்!

ஃப்ராஸ்ட் முதல் வருஷம் 4-8. ரெண்டாவது வருஷம் பாதியில 4-5-ல இருக்கும்போது, 2019 நவம்பர்ல, கான்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டி 2026 வரைக்கும் ஆக்கினாங்க. தோத்துக்கிட்டு இருக்கிறவருக்கு ஏன் நீட்டிப்புன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. ஹைஸ்கூல் முடிக்கிற பசங்களை டீமுக்கு இழுக்கணும். கோச் நாலு வருஷம் இருப்பாரான்னு தெரியாத இடத்துக்கு எந்தப் பையன் வருவான்? அதனால "நாங்க இவரை நம்புறோம்"னு காட்ட காகிதத்துல வருஷத்தைக் கூட்டுவாங்க. காட்டுறதுக்குப் போட்ட கையெழுத்துதான், ஆனா பணம் நிஜம்.

ஏன்னா இந்த கான்ட்ராக்ட்ல பை-அவுட்னு ஒண்ணு இருக்கு. நமக்கு ஐடி கம்பெனியில நோட்டீஸ் பீரியட் பை-அவுட்னா வேலையை விடுற நாமதான் கட்டணும். அங்க கோச்சை அனுப்பினா காலேஜ் கட்டணும். இதுல நெப்ராஸ்காவை விடப் பெரிய கில்லாடிகள் உண்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம், 2021-ல ஜிம்போ ஃபிஷர்ங்கிற கோச்சோட கான்ட்ராக்டை 2031 வரைக்கும் நீட்டிட்டு, 2023-ல அவரை அனுப்பும்போது ஏறக்குறைய 7.6 கோடி டாலர் கொடுக்க வேண்டியதாச்சு. சும்மா இருக்கிறதுக்கு.

2021-ல ஃப்ராஸ்ட் டீம் 3-9. அந்த ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்க வித்தியாசத்துல. மொத்தமா பார்த்தா வாங்கின பாயிண்டை விட எடுத்த பாயிண்ட் அதிகம்! "கொஞ்சம்தான் மிஸ்ஸாகுது, அடுத்த வருஷம் பாருங்க"ன்னு சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? அவரை வெச்சுக்கிட்டாங்க. ஆனா இந்த முறை காலேஜ் ஒரு புத்திசாலித்தனமான வேலை பண்ணுச்சு. சம்பளத்தை 50 லட்சம் டாலர்லேர்ந்து 40 லட்சமா குறைச்சாங்க. பை-அவுட்டையும் குறைச்சு, 2022 அக்டோபர் 1-க்கு அப்புறம் அனுப்பினா 1.5 கோடி டாலர் இல்ல, பாதி, 75 லட்சம் டாலர்தான்னு எழுதினாங்க.

2022 செப்டம்பர் 10. சொந்த ஊர்ல ஜார்ஜியா சதர்ன்ங்கிற சின்ன டீம்கிட்ட 45-42-னு தோல்வி. மறுநாளே ஃப்ராஸ்ட் அவுட். அக்டோபர் 1-க்கு இன்னும் மூணு வாரம்கூட இல்ல. வித்தியாசம் 75 லட்சம் டாலர், அன்னிக்கு ரேட்ல ஏறக்குறைய 60 கோடி ரூபாய்.

அந்த இடைவெளியில நடந்தது ஒரே ஒரு மேட்ச். ஓக்லஹோமாகூட, 49-14 தோல்வி. அடுத்த வாரம் லீவு. அதுக்கடுத்த மேட்ச் அக்டோபர் 1 அன்னிக்குத்தான். இடைக்கால கோச்சா மிக்கி ஜோசப்பைப் போட்டாங்க. புது ஹெட் கோச் பேரை அறிவிச்சது நவம்பர் 26. ஆக, 60 கோடி கொடுத்து வாங்கினது ஒரு தோல்வியும் ஒரு லீவும்.

"போனது போச்சு, அதைப் பார்த்து உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"ன்னு கேட்பீங்க. ஆமா, சொல்வேன். என் பாலிசி கதையையே எடுத்துக்கங்க. மூணு வருஷம் கட்டி 1,20,000 போட்டிருந்தேன். சரண்டர் பண்ணினா 42,000 தான் வரும்னாங்க. அப்பா சொன்னது: "இவ்ளோ கட்டிட்ட, இன்னும் பதினேழு வருஷம்தானேடா." அந்த "தானே"வோட விலை 6,80,000 ரூபாய். போன 78,000-ஐ விட்டுட்டு, வரப்போற 6,80,000-ஐ எங்க போடலாம்னுதான் யோசிச்சேன். சரண்டர் பண்ணிட்டேன், அண்ணன் ரெண்டு தீபாவளி பேசல.

ஃப்ராஸ்டை அனுப்பணுங்கிற முடிவும் அதே மாதிரி சரிதான். 16 வெற்றி, 31 தோல்வி, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா "வெளிய வரணும்"ங்கிறது ஒரு முடிவு. "எந்தத் தேதியில வரணும்"ங்கிறது வேற முடிவு. கோவத்துல இருக்கும்போது நாம ரெண்டையும் ஒண்ணா எடுத்துடுறோம். ரசிகர்கள் கொதிச்சிருப்பாங்க, பசங்க மனசு உடைஞ்சிருக்கும், நன்கொடை கொடுக்கிறவங்க போன் போட்டிருப்பாங்க, எல்லாம் சரி. 60 கோடிக்கு அது பெறுமா? என் கணக்குல பெறாது.

நம்ம கணக்குக்கு வாங்க. பெரும்பாலான ஈக்விட்டி ஃபண்ட்ல ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 1 சதவீதம் எக்ஸிட் லோடு. லாபத்துக்கு வரி 20 சதவீதம். ஒரு வருஷம் தாண்டினா எக்ஸிட் லோடு இல்ல, வரி 12.5 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 1,25,000 ரூபாய் லாபம் வரைக்கும் வரியே இல்ல. நீங்க மொத்தமா போட்ட 5 லட்சம், பதினொன்றரை மாசத்துல 6 லட்சம் ஆகியிருக்குன்னு வெச்சுக்கங்க. இன்னிக்கே எடுத்தா லோடும் வரியும் சேர்ந்து கிட்டத்தட்ட 25,000 போயிடும். ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா, அந்த வருஷம் வேற லாபம் எடுக்காம இருந்தா, ஒரு ரூபாய் போகாது. எஸ்ஐபின்னா ஒவ்வொரு மாசத் தவணைக்கும் தனித்தனியா ஒரு வருஷக் கணக்கு, அதை மறந்துடாதீங்க.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடுறேன். அந்த ரெண்டு வாரத்துல மார்க்கெட் 4 சதவீதம் விழுந்தா மிச்சம் பண்ணின 25,000 அப்படியே காலி. காத்திருக்கிறதும் இலவசம் கிடையாது. நெப்ராஸ்காவுக்கு அந்த ரிஸ்க் ஒரே ஒரு மேட்ச்தான், அதையும் எப்படியும் தோத்தாங்க.

சரி, புது கோச் கதை. மேட் ரூல். அந்த அக்டோபர்லதான் என்எஃப்எல்ல கரோலினா பேந்தர்ஸ் அவரை அனுப்பியிருந்தது, அங்க 11-27. அப்படிப்பட்டவருக்கு எட்டு வருஷம், 7.4 கோடி டாலர். கேட்டதும் எனக்கே தலை சுத்துச்சு. ஆனா ஃப்ராஸ்டை எடுத்ததை விட இந்தத் தேடல் ஒரு விதத்துல நல்லா இருந்துச்சு. ரூல், டெம்பிள் பல்கலைக்கழகத்துல முதல் வருஷம் 2-10, மூணாவது வருஷம் 10-4. பேய்லர்ல முதல் வருஷம் 1-11, மூணாவது வருஷம் 11-3. ரெண்டு வேற வேற இடத்துல ஒரே மாதிரி, ஆரம்பத்துல அடி, அப்புறம் ஏத்தம். ஒரு பளபள வருஷத்தை விட இது எவ்வளவோ பரவாயில்லாத ஆதாரம். விலைதான் அதிகம். நல்ல ஸ்டாக்கை எந்த விலைக்கும் வாங்கலாம்னு நினைக்கிற பழக்கம் அங்கயும் இருக்கு போல.

2023-ல 5-7. 2024-ல 7-6, 2016-க்கு அப்புறம் முதல் முறையா பவுல் மேட்ச்சுக்குப் போய் ஜெயிக்கவும் செஞ்சாங்க. 9-3 போதாதுன்னு சொன்ன அதே ஊர் 7-6-க்குக் கொண்டாடுச்சு.

அப்புறம் 2025 அக்டோபர். ரூல் படிச்ச காலேஜான பென் ஸ்டேட் புது கோச் தேட ஆரம்பிச்சது. அவர் போயிடுவாரோன்னு பேச்சு. நெப்ராஸ்கா என்ன பண்ணுச்சு? ஏற்கெனவே 2030 வரைக்கும் இருந்த கான்ட்ராக்டை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டி 2032 வரைக்கும் ஆக்குச்சு. ரெண்டு நாள் கழிச்சு நடந்த மேட்ச்ல சொந்த ஊர்லயே 21-17 தோல்வி.

உங்க ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டையும் பாலிசி பேப்பரையும் எடுத்து, உங்களோட அக்டோபர் 1 எதுன்னு ஒரு தடவை பாருங்க. ஒவ்வொரு எஸ்ஐபி தவணைக்கும் லோடும் வரியும் கணக்கு போடுற எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோல காட்டுறேன்.