உடைஞ்ச டி.வி.யும் ஒன்பது வருஷமும்

கிரீஷ் மாத்ருபூதம் கதையை ஏதாவது ஒரு மோட்டிவேஷன் செஷன்ல கேட்டிருப்பீங்க. அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். சாமான்கள் வந்த வழியில் டி.வி. உடைந்தது. மாதக்கணக்கில் கேட்டும் இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. கடுப்பாகி இணையத்தில் எழுதினார்; பணம் வந்தது. 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். 2021-ல் நாஸ்டாக். சுபம்!

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வாங்கின பொருள் உடைஞ்சு, கஸ்டமர் கேர்ல மாட்டி அவஸ்தைப்பட்டவங்க கோடிக்கணக்கில் இருக்காங்களே, அவங்கல்லாம் ஏன் கம்பெனி ஆரம்பிக்கல?

பதில், மேடையில் யாரும் சொல்லாமல் தாண்டிப்போகும் பகுதியில் இருக்கிறது. கிரீஷ் திருச்சிக்காரர். தஞ்சாவூர் சண்முகா கல்லூரியில் (இன்றைய சாஸ்த்ரா) இன்ஜினியரிங், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தார். 2001-ல் அட்வென்ட்நெட்டில், அதாவது இன்றைய ஸோஹோவில், ப்ரீ-சேல்ஸ் இன்ஜினியராகச் சேர்ந்தார். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாடிக்கையாளருக்கு மென்பொருளைக் காட்டி, அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை. அங்கிருந்து ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் எப்படி உருவாகிறது, எப்படி விற்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதெல்லாம் அங்கே கற்றதுதான்.

அதனால்தான், ஸென்டெஸ்க் விலையை ஏற்றியதில் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று 2010-ல் படித்தபோது, அதற்குள் ஒரு மார்க்கெட் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நீங்களும் நானும் படிச்சிருந்தா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்போம். ஸோஹோவில் கூட வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியைச் சேர்த்துக்கொண்டு, சென்னையில் 700 சதுர அடி ஆபீஸில் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் அட்வெல் கல்லூரி.

இப்போ நம்ம கேம்பஸுக்கு வருவோம். ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்ல ‘சப்போர்ட்’, ‘ப்ரீ-சேல்ஸ்’னு பார்த்தாலே நம்ம முகம் சுருங்குது. “டெவலப்மென்ட் கிடைக்கலையா மச்சான்?”னு துக்கம் விசாரிக்கிறோம். ஆனா ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிற மனுஷன் எதற்குத் திட்டுகிறான், எதற்குக் காசு கொடுக்கிறான் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான் தினமும் கேட்கிறார்கள். எல்லாக் கம்பெனியிலும் அந்த வாய்ப்பு இருக்காது. ஸ்க்ரிப்ட் படிக்க மட்டும் வைக்கிற இடங்களும் உண்டு. அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நம்ம பொறுப்பு.

‘சுபம்’ என்பதையும் கொஞ்சம் தள்ளிவையுங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு 36 டாலருக்கு வெளியானபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களில் சுமார் 70 பேருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. கிரீஷ் லாபத்தைப் பகிர்ந்துகொண்ட விதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அதே பங்கு சில மாதங்களிலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. 2024 மே மாதம் அவர் சி.இ.ஓ. பதவியை டென்னிஸ் வுட்சைடிடம் ஒப்படைத்தார். அந்த நவம்பரில் சுமார் 660 பேருக்கு வேலை போனது. ஆகவே ஆஃபர் லெட்டரில் இருக்கும் பங்குத் தொகையைச் சம்பளமாக எண்ணிக் கூட்டாதீங்க.

அடுத்த தடவை ஹெச்.ஆர். “எனி கொஸ்டின்ஸ்?”னு கேட்டா, தலையை ஆட்டிட்டு வந்துடாதீங்க. “முதல் வருஷத்துல நான் வாடிக்கையாளர்கிட்ட நேரடியா பேசுவேனா?”ன்னு கேளுங்க. ஒன்பது வருஷம் கழிச்சு உங்க வீட்டு டி.வி. உடையும்போது அந்தப் பதில் உதவும்.